டயர் பருத்த கதை

தோட்டத்தில் ஓடும் ஏ.டி.வி. வண்டியின் பின்டயரைக் குனிந்து பார்த்தால் 25×10–12 என்று அச்சாகியிருக்கும். டயரின் முழு உயரம் 25 இஞ்சி, அகலம் 10 இஞ்சி, உள்ளே உட்காரும் ரிம்மின் விட்டம் 12 இஞ்சி. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஈஜோக் வரை, அந்தப் பக்கம் புக்கிட் ரோத்தான், ஜெராம் வரை, செம்பனைக் குலை இழுக்க இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது இந்த எண்ணில்தான். 25-ஐக் கழற்றிவிட்டு 27 போடுவார்கள். மண் ரொம்ப மோசம் என்றால் 28. வண்டியோடு வந்த டயர் கொட்டகை ஓரத்தில் கிடந்து மழைத்தண்ணீர் பிடிக்கும்.

நான் இந்த வட்டாரத்துப் பையன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் படித்தவன். இலக்கிய இதழில் டயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் தோட்டத்துக் கதைகளில் உளி வரும், மங்கு வரும், காண்டா வாளி வரும், பெரட்டும் கங்காணியும் வருவார்கள். பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்ததோடு கதை பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கப்புறம் அந்தப் பால் எங்கே போனது? பெரும்பகுதி டயராகப் போனது. பிறகு டயராகவே தோட்டத்துக்குத் திரும்பியும் வந்தது. அந்தப் போக்குவரத்தை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் பட்டறை விஷயம். 27 போட்டால் வண்டி இரண்டு இஞ்சி உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். உயர்வது ஒரே இஞ்சிதான். டயரின் பாதிதானே அச்சுக்குக் கீழே இருக்கிறது. அந்த ஓர் இஞ்சிக்குக் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமில்லை. சக்கரம் பெரிதாகும்போது அதே எஞ்சின் தரையில் கொடுக்கும் இழுவை குறையும். 25-க்குப் பதில் 27 என்றால் ஏழு விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். இந்த வண்டிகள் பலவற்றில் எஞ்சினிலிருந்து சக்தியைக் கடத்துவது ஒரு ரப்பர் பெல்ட். பின்னால் குலை ஏற்றிய டிரெய்லர், கீழே சேறு, கூடவே பெரிய டயர் என்றால் பெல்ட் வழுக்கிக் கருகும். அதைச் சரிக்கட்ட கிளட்ச்சுக்குள் ஸ்பிரிங்கையும் எடைக்குண்டுகளையும் மாற்ற வேண்டும். ஹேண்டிலை முழுக்க ஒடித்தால் முன்டயர் மட்கார்டில் உரசும். அதற்காகச் சக்கரத்தை வெளியே தள்ளி ஸ்பேசர் போட்டால் பேரிங்குக்கும் ஸ்டீயரிங் மூட்டுகளுக்கும் சுமை கூடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் மாற்றாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பிரேக்குக்கும் கூடுதல் வேலை. டவுனில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருத்தர் இதையெல்லாம் ஒரே வரியில் சொல்வார்: "ஒண்ணத் தொட்டா ஒம்பதத் தொடணும் தம்பி."

அப்புறம் ஏன் மாற்றுகிறார்கள்? உயரத்துக்காக என்று சொல்வார்கள். என் கணக்கில் உண்மையான லாபம் அகலத்திலும் காற்றிலும் இருக்கிறது. இந்த டயர்களில் ஐந்து பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் காற்று வைப்பார்கள். கார் டயரில் முப்பதுக்கு மேல் இருக்கும். காற்றடைத்த டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம், தோராயமாக உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். டயரின் சுவரும் கொஞ்சம் சுமையைத் தாங்கும். அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். வண்டி, ஆள், சுமை எல்லாம் சேர்த்து 540 கிலோ என்று வையுங்கள், கிட்டத்தட்ட 1200 பவுண்டு. ஐந்தால் வகுத்தால் நான்கு டயரும் சேர்ந்து 240 சதுர இஞ்சி தரையில் பரவி நிற்க வேண்டும். அவ்வளவு பரவ இடம் வேண்டுமென்றால் டயர் பெரிதாக, தொளதொளவென்று இருந்தாக வேண்டும். "பெரிய டயர் போட்டா வண்டி மெதக்கும்" என்று ஆட்கள் சொல்வது இதைத்தான்.

540 கிலோவைச் சும்மா எடுக்கவில்லை. 1908-இல் ஹென்றி ஃபோர்டு விட்ட மாடல் டி கார் ஏறக்குறைய அந்த எடைதான். அதன் முன்டயர் 30×3, பின்டயர் 30×3½. உயரம் முப்பது இஞ்சி, அகலம் மூன்று, மூன்றரை. சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி இருக்கும். காற்று அறுபது பி.எஸ்.ஐ. பக்கம். அதே வகுத்தலைச் செய்தால் தரையைத் தொடுவது இருபது சதுர இஞ்சி. ஒரே எடை, நூறு ஆண்டு கழித்து அது நிற்கும் இடம் பன்னிரண்டு மடங்கு. டயரின் வரலாற்றை எனக்கு ஒரு வரியில் எழுதச் சொன்னால் இந்த இரண்டு வகுத்தலையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

சக்கரம் அகலமாக வேண்டும் என்ற யோசனை ரப்பருக்கு முந்தியது. பிரிட்டனில் 1753-லேயே பாரவண்டிச் சக்கரம் ஒன்பது இஞ்சி அகலம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மெல்லிய இரும்புப் பட்டை சாலையைக் கீறிக் குழியாக்கியதுதான் காரணம். சட்டம் பார்த்தது சாலையை; வண்டி இழுத்த குதிரையை அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். 1895-இல் மிஷ்லின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயரில் கார் ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு மலாக்காவில் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கித்தா நட்டார். 1876-இல் விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன எழுபதாயிரம் விதைகளில் முளைத்து, 1877-இல் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளின் வழிவந்த மரங்கள். 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலைதான் நம் கொள்ளுத்தாத்தாக்களைக் கப்பலேற்றியது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவருக்கு மாடல் டி என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் போய்ச் சேர்ந்த நிரையை நட வைத்தது அந்த மூன்று இஞ்சி டயர்தான்.

1923-இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 'பலூன் டயர்' கொண்டு வந்தது. அகலம் கூட, காற்று குறைவு, சவாரி மெத்து மெத்தென்று. மாடல் டி-க்கும் 1925 வாக்கில் 4.40 இஞ்சி டயர் கிடைத்தது. பருத்த டயருக்கு ரப்பரும் கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தில் பிரிட்டிஷ்காரர்கள் 1922-இல் தொடங்கிய ஸ்டீவன்சன் திட்டத்தின்படி மலாயாவிலும் சிலோனிலும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எரிச்சலடைந்த அமெரிக்கர்களில் ஃபயர்ஸ்டோன் லைபீரியாவிலும் ஃபோர்டு பிரேசிலிலும் சொந்தத் தோட்டம் போடப் போனார்கள். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே உலக மந்தம். பிறகு தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். டிட்ராய்ட்டில் டயர் பருத்தால் இங்கே ஆள்கட்டு, டிட்ராய்ட்டில் கார் விற்காவிட்டால் இங்கே திரும்புகப்பல். 1938 ஜூனில் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இப்படித்தான் ஓடியது.

இத்தனை டயருக்குப் பால் கொடுத்த ஆட்கள் எதில் போனார்கள்? காலில். கித்தாத் தோட்டத்தின் அமைப்பே அப்படி. ஒரு மரம் ஒரு நாளைக்குக் கொடுக்கும் பால் ஒரு மங்கு. நானூறு ஐந்நூறு மரத்துப் பாலை ஓர் ஆள் தோளில் சுமந்துவிடலாம். அதனால் நிரைக்குள் சடக்கு தேவையில்லை, ஒற்றையடித் தடம் போதும். என் பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினவர். ஐம்பது கிலோ இருப்பார், வாளிகளோடு எழுபது என்று வையுங்கள். நடக்கும்போது ஒரு கால்தான் தரையில் இருக்கும். பாதம் இருபது சதுர இஞ்சி. கணக்குப் போட்டால் ஏழு பி.எஸ்.ஐ.க்கு மேல் வருகிறது. பாட்டியின் கால், குலை ஏற்றிய ஏ.டி.வி.யைவிட அதிகமாக மண்ணை அழுத்தியிருக்கிறது! முதல் தடவை கணக்குத் தப்போ என்று திரும்பப் போட்டேன். தப்பில்லை. மழைநாளில் "காலு பொதபொதன்னு போவும்" என்று அவர் சொன்னதற்கு இதுதான் எண்.

தோட்டத்துத் தமிழன் கைக்கு வந்த முதல் டயர் சைக்கிள் டயர். அதிலும் ஒரு சட்டம் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். கூலி உயர்வு, சீனர்களுக்குச் சமமான சம்பளம், கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை இவற்றோடு சேர்த்து எழுதப்பட்ட கோரிக்கை. மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தத்தை அடக்கத் துருப்புகள் வந்தன, சுட்டார்கள், தொழிலாளிகள் செத்தார்கள்.

நம் ஆட்கள் இந்தச் சம்பவத்தை எழுதும்போது சைக்கிள் கோரிக்கையைக் கடைசியில் ஒரு வாக்கியமாகத் தள்ளிவிடுகிறார்கள். கூலி பெரிய விஷயம், சைக்கிள் சின்ன விஷயம் என்று நினைப்புப்போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலியைக் கேட்டவன் தொழிலாளியாகக் கேட்டான். சைக்கிளைக் கேட்டவன், தான் வெட்டிய பாலில் உருவான ஒரு பொருளின்மேல் உட்கார்ந்து போக உரிமை கேட்டான். சடக்கில் எதிரே கார் வந்தது. காருக்கும் அதே பால், சைக்கிளுக்கும் அதே பால். ஒருவன் மட்டும் இறங்க வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான், அவனும் சைக்கிளில். டயர் வெடித்தால் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள் என்பதும், தார்ச்சாலையில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டதும் பலரும் எழுதியதுதான். 1942 ஜனவரித் தொடக்கத்தில் குவாலா சிலாங்கூர் கரைக்கும் அவர்கள் படகுகள் வந்தன. உலகின் ரப்பரில் பெரும்பகுதி அவர்கள் கையில் விழுந்தது. அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாகக் கட்டியது. போருக்குப் பின் அந்த ஆலைகள் மூடப்படவில்லை. கித்தாவின் விலைக்கு அங்கேயே ஒரு உச்சவரம்பு விழுந்துவிட்டது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செம்பனைக்கு இந்த ஊரோடு தனி உறவு உண்டு. ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து குவாலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் கித்தாத் தோட்டம் போட்டார். சுமத்ராவிலிருந்து செம்பனை விதை கொண்டுவந்து முதலில் அழகுக்காக நட்டார். 1917-இல் அதையே வணிகத்துக்காக நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். இலக்கிய வாசகர்களுக்கு அவரை வேறு வழியில் தெரிந்திருக்கலாம். மலாயாவைப் பற்றி எழுதிய 'மலேசி' நாவலுக்காக 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கியவர். 'தி சோல் ஆஃப் மலாயா' என்று ஆங்கிலத்தில் வந்தது. அந்தத் தோட்டத்தின் பெயர் டென்னமாரம் என்று பலகையில் இருக்கும். ஆங்கில எழுத்தை மறந்துவிட்டு வாயால் சொல்லிப் பாருங்கள்: தென்னமரம். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்துக்குத் தமிழில் தென்னையின் பெயர்.

கித்தாவுக்கும் செம்பனைக்கும் என் துறைப் பார்வையில் பெரிய வித்தியாசம் எடை. ஒரு எக்டர் கித்தா ஆண்டுக்கு ஒன்றரை டன் ரப்பர் கொடுத்தால் நல்ல மகசூல். ஒரு எக்டர் செம்பனை இருபது டன் குலை கொடுக்கும். ஒரு குலையே இருபது இருபத்தைந்து கிலோ. வெட்டியதும் பழத்தில் கொழுப்பமிலம் ஏறத் தொடங்கும். ஒரு நாளுக்குள் ஆலையில் வேகவைக்காவிட்டால் எண்ணெயின் தரம் போய்விடும். ஒற்றையடித் தடத்தில் தோளில் சுமக்கும் கதை இங்கே செல்லாது. சக்கரம் நிரைக்குள் போயே ஆக வேண்டும். ஆனால் நிரைக்குள் இருக்கும் மண் எப்படிப்பட்டது? கடலோரக் களிமண், மண் ஆய்வாளர்கள் ஒரு வகைக்கு 'சிலாங்கூர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ராஜா மூசா பக்கம் போனால் கரிச்சதுப்பு நிலம், காலை வைத்தால் முழங்கால்வரை போகும். வடிகால் வெட்டினால் நிலமே ஆண்டுக்காண்டு கீழே இறங்கும்.

முதலில் எருமை வண்டி. எருமைக்குச் சேறு பழக்கம். பிறகு டிராக்டர் வந்தது. அது போன தடத்தில் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் தேங்கியது, வேர் மூச்சுவிட முடியவில்லை. அதனால் சின்ன டிராக்டர், அதில் அகன்ற டயர், கடைசியில் ஏ.டி.வி.

ஏ.டி.வி. தோட்டத்துக்காகப் பிறந்ததே அல்ல. 1960களின் கடைசியில் அமெரிக்க டீலர்கள், பனிக்காலத்தில் மோட்டார்சைக்கிள் விற்கவில்லை, விற்கிற மாதிரி வேறு ஏதாவது கொடுங்கள் என்று ஹோண்டாவைக் கேட்டார்கள். ஒசாமு தக்கெயூச்சி என்ற பொறியாளர் பனி, மணல், சேறு மூன்றிலும் ஓடுகிற மாதிரி மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். 1970-இல் யு.எஸ்.90 என்று விற்பனைக்கு வந்தது. அதற்கு ஸ்பிரிங்கே கிடையாது. 22 இஞ்சி உயரத்துக்கு ஊதிய தொளதொள டயர்தான் ஸ்பிரிங்கின் வேலையையும் பார்த்தது. டன்லப்பின் மகன் ஓட்டியதும் மூன்று சக்கரம், இதுவும் மூன்று சக்கரம், இடையில் 82 வருஷம். மூன்று சக்கரம் அடிக்கடி கவிழ்ந்து ஆட்கள் அடிபட்டதால் 1988-இல் அமெரிக்காவில் அதன் விற்பனையே நின்றது. அதற்குள் நான்கு சக்கரம் வந்துவிட்டது. பனியில் விளையாடச் செய்த வண்டி கடைசியில் செம்பனை நிரையில் டிரெய்லர் இழுக்கிறது. பொதுச் சடக்கில் ஓட்ட அனுமதி இல்லை. தோட்டத்துக்குள்ளே மட்டும் ராஜா.

இங்கே 1753-க்குத் திரும்புகிறேன். அகன்ற டயர் ஏன் வந்தது என்று எந்தத் தோட்ட நிர்வாகியைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: மண் இறுகக் கூடாது, வேர் கெடக் கூடாது. சரியான பதில், நான் மறுக்கவில்லை. ஆனால் மண்ணுக்கு எத்தனை பி.எஸ்.ஐ. தாங்கும் என்று கருவி வைத்து அளந்த தொழில், நூறு வருஷம் அந்த மண்ணில் நடந்த தோளுக்கு எவ்வளவு தாங்கும் என்று அதே அக்கறையோடு அளக்கவில்லை. பாட்டியின் இடது தோளில் காண்டாக் கட்டை அழுத்தி அழுத்தி ஒரு மேடு இருந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறேன். வாளிக்கு ஒரு சக்கரம் வைக்க 1920-லேயே எல்லாமே இருந்தது: ரப்பர், ரிம், செய்யத் தெரிந்த கொல்லர்கள். ஆள் மலிவாக இருந்தான், அதனால் சக்கரம் வரவில்லை. ஆள் குறைந்த பிறகு வந்தது.

ஆள் குறைந்தது என்றால் நாம் போய்விட்டோம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஒரு அலை. அதைத் தடுக்கத்தான் 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எண்பது தொண்ணூறுகளில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தபோது இன்னொரு அலை. இப்போது நிரைக்குள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் வேலை பார்க்கிறார்கள். இந்த வட்டாரத்துத் தமிழர் பலருக்குச் செம்பனையோடு மிச்சமிருக்கும் உறவு பட்டறை, லோரி, குத்தகை வண்டி. அண்ணனின் பட்டறையில் டயர் மாற்ற வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படிக் குத்தகைக்கு வண்டி ஓட்டுபவர்கள். டன்னுக்கு இவ்வளவு என்று காசு. மழைக்காலத்தில் சின்ன டயர் சேற்றில் மாட்டி ஒரு நடை போனால் அன்றைய லாபம் போச்சு. அதனால்தான் அந்த ஓர் இஞ்சிக்காகப் பெல்ட்டையும் பேரிங்கையும் பணயம் வைக்கிறார்கள். அவர்களிடம் போய் இழுவை ஏழு விழுக்காடு குறையும் என்று சொன்னால், "தெரியும்" என்பார்கள்.

மலேசியா 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் முதலிடத்தைத் தாய்லாந்திடம் விட்டது. ஷா ஆலமில் 1972 முதல் ஓடிக்கொண்டிருந்த குட்இயர் டயர் தொழிற்சாலை 2024 ஜூனில் மூடப்பட்டது. ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கு வேலை போனது. பட்டறையில் நான் பார்த்த ஏ.டி.வி. டயர்களில் பாதி சீனாவில் செய்தது, மீதி தாய்லாந்து, தைவான்.

டயர் எவ்வளவு பருத்தாலும் ஒரு வேலைக்கு மட்டும் இன்னும் கால்தான். குலை விழும்போது சிதறும் கொட்டையைப் பொறுக்க வேண்டும். நன்றாகப் பழுத்து உதிர்ந்தது அது, எண்ணெய் அதிகம். சாக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பொறுக்குவார்கள், பெரும்பாலும் பெண்கள். அகன்ற டயர் தடத்தில் கிடக்கும் கொட்டையை நசுக்கிவிடும். அதனால் மழை வருவதற்குள் குலையை ஏற்றிவிடலாம் என்று வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும், அவர்கள் பொறுக்கி முடிக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு நிரைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.